கையில் மிஞ்சிய புள்ளிகள்

சங்குமேட்டுத் தோணிக்காரர்கள் ஒரு மழைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்து டாமினோ ஆடி, ஆடி ஆடியே உடம்பெல்லாம் மச்சமாகிப் போனார்கள் என்று சொன்னால், போங்கய்யா உங்களுக்கு வேறு வேலையில்லை என்பீர்கள். அப்படியே இருக்கட்டும். அந்தப் பக்கம் போனால் யாரையாவது நிறுத்தி, அண்ணாச்சி, கொஞ்சம் சட்டைக் கையைச் சுருட்டுங்க என்று கேட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளலாம்.

ஜூனில் காற்று மோசமானதும் மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள் துறையில் கட்டிக் கிடக்கும், தோணிக்காரர்கள் கொட்டகையில் கட்டிக் கிடப்பார்கள், கொட்டகையில் டாமினோதான் நடக்கும். இருபத்தெட்டுக் கட்டை, ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு பாதி, பாதிக்கு வெறும் வெள்ளையிலிருந்து ஆறு புள்ளி வரைக்கும் இருக்கும். ஆளுக்கு ஏழு எடுத்துக்கொண்டு மீதியைக் கவிழ்த்து வைத்தால் அதற்குக் கிடங்கு என்று பெயர். மேசையில் நீளும் வரிசையின் இரண்டு முனையில் என்ன எண் நிற்கிறதோ அந்த எண் உள்ள கட்டையைத்தான் கொண்டுபோய் ஒட்ட முடியும், இல்லாதவன் கிடைக்கும்வரை கிடங்கிலிருந்து எடுக்க வேண்டும், கிடங்கும் காலி என்றால் மேசையைத் தட்டிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். முதலில் எவன் கை காலியாகிறதோ அவனுக்கு அந்தச் சுற்று, அதற்குப் பெயரும் கை. இதுவரைக்கும் உலகம் பூராவும் ஒரே ஆட்டம்தான். தோற்றவன் கையில் மிஞ்சிய புள்ளிகளைக் கூட்டி மற்ற ஊர்களில் ஜெயித்தவன் பேரில் எழுதுவார்கள், நூறு தொட்டவன் ராஜா. சங்குமேட்டில் மட்டும் தோற்றவன் பேரிலேயே எழுதுவார்கள், ஏனென்றால் தோணிக்காரனுக்குப் பாரம்தான் கணக்கு, அவனவன் பாரத்தை அவனவன் சுமக்க வேண்டும், நூறு ஏறினவனை மூழ்கிவிட்டான் என்று சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த வருஷம் ஜூலை இரண்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, தோணித் தலைவரான தண்டல் கஸ்பார் பதினேழு புள்ளி கையில் வைத்துக்கொண்டு தோற்றார். மறுநாள் காலை சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தவருக்குக் கழுத்திலும் தோளிலுமாகப் பதினேழு புது மச்சம் இருந்தது. அவர் எண்ணிப் பார்த்தார், சரியாக இருந்தது, மீதிச் சவரத்தை முடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், நேற்றைய கணக்கு சரிதான் என்று சொன்னார். ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் வந்துவிட்டது. டாமினோப் பெட்டியை மாற்றிப் பார்த்தார்கள், அப்போதும் வந்தது. முனைகளின் கூட்டு ஐந்தாலே வகுபட்டால் புள்ளி தரும் அஞ்சாட்டத்தை ஆடிப் பார்த்தார்கள், அதில் மச்சம் ஐந்தைந்தாகக் கொத்துக் கொத்தாக வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். டாக்டர் ஒவ்வாமை என்று எழுதி மஞ்சள் களிம்பு கொடுத்தார். சாமியார் பிரசங்கத்தில் வேதாகமத்து யோபுவின் புண்களைப் பற்றிப் பேசினார், பேசிய கையோடு தன் முழங்கையை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார், ஏனென்றால் அவரும் சனிக்கிழமைகளில் ஒரு கை ஆடுகிறவர்தான்.

மச்சத்தைப் பற்றி யாருக்கும் பெரிய வருத்தம் இருந்திருக்காது, துறை அலுவலகம் மட்டும் இல்லையென்றால். ஒவ்வொரு தோணிக்காரனிடமும் ஒரு புத்தகம் உண்டு, அதில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி உண்டு, வலது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், இடது முழங்காலில் ஒரு மச்சம் என்று அவனவன் பிறந்த லட்சணத்தை எழுதி முத்திரை குத்தியிருப்பார்கள். கடல் திறக்கும்போது அந்த இரண்டு வரியை வைத்துத்தான் ஆளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். முழங்காலில் ஒன்று என்று எழுதியிருக்கிற இடத்தில் நாற்பது இருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள், அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள், இது வேறு ஆள் என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

ஆகஸ்டு பிறந்ததும்தான் ஊருக்கு ஒரு வழி தெரிந்தது. மச்சம் உள்ளவன் ஒரு கை ஜெயித்தால், தோற்றவனுக்குப் போகவேண்டிய மச்சம் கட்டையிலிருந்து புதிதாக முளைக்காமல் ஜெயித்தவன் உடம்பிலிருந்தே கழன்று, அவனுக்கு எந்த இடத்தில் இருந்ததோ தோற்றவனுக்கும் அந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது. ஆகவே மச்சத்தை ஒழிக்க முடியாது, அடுத்தவன் தலையில் கட்ட முடியும். இதைக் கண்டுபிடித்த அன்றைக்குச் சங்குமேட்டில் ஏதோ திருவிழா மாதிரி இருந்தது. முதலில் கிழவர்கள் வாங்கிக்கொண்டார்கள், இனி எங்களை எவன் அடையாளம் பார்க்கப் போகிறான் என்று அவர்களே கட்டையைக் கையில் எடுத்துச் சும்மா தோற்றுக் கொடுத்தார்கள். லாசர் கிழவர் முந்நூற்றுச் சொச்சத்தோடு செத்துப்போய் அத்தனையும் மண்ணுக்குள் போனபோது ஊருக்கு இன்னொரு யோசனை பிறந்தது, அதற்குப் பிறகு சாகக் கிடக்கிறவர்களுக்குச் சாமியார் நற்கருணை கொண்டு போனால் பின்னாலேயே நாலு பேர் டாமினோப் பெட்டியோடு போனார்கள், விரல் மடங்காத கையில் ஏழு கட்டையை அடுக்கி வைத்துவிட்டு, பெரியப்பா, உங்க முறை என்றார்கள். கிழவர்கள் தீர்ந்தார்கள். பிறகு அம்மாமார். பிறகு பெண்டாட்டிமார்.

இங்கேதான் ரெஜினாள் வருகிறாள். கஸ்பாருடைய தோணியில் வேலை பார்க்கிற தொபியாஸின் பெண்டாட்டி, உப்பளத்தில் மூட்டை தைக்கப் போகிறவள், பத்தாவது பாஸ் செய்தவள். அவளுக்கு அதுவரை டாமினோ என்றால் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வராததற்கான காரணம், வேறொன்றும் இல்லை. ஒருநாள் அவன் பெட்டியோடு வீட்டுக்கு வந்து பாயை விரித்து, ஏளா, உக்காரு, உனக்கும் சொல்லித் தாரேன் என்று கூப்பிட்டபோது அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளோடு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்ததில்லை. மச்சம் வருமே என்று அவள் கேட்காமல் இல்லை. வந்தா என்ன, நீயா கடலுக்குப் போகப்போற என்றான், அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அவன் சொல்லிக்கொடுத்தான். ஒட்டுகிற முறை, கிடங்கில் எடுக்கிற முறை, தட்டுகிற முறை எல்லாம் ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தான். பெரிய கட்டைகளை மட்டும் கடைசிவரை கையைவிட்டு இறக்காதே, அதுதான் பலம், ரெட்டை ஆறும் ஆறு அஞ்சும் கையில் இருந்தால் எதிராளி நடுங்குவான், சின்னக் கட்டைகளை முதலில் தள்ளிவிடு என்றான். அவள் அப்படியே செய்தாள். ஒவ்வொரு கையிலும் ரெட்டை ஆறை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோற்றாள். தோற்கும்போது அவன் அவள் கன்னத்தில் தட்டி, பரவாயில்ல, வரும் வரும் என்பான். மூன்று வாரத்தில் அவன் தோல் பிறந்த பிள்ளை தோல் மாதிரி ஆனது, அவள் கைகளையும் கழுத்தையும் முதுகையும் பார்த்தால் யாரோ கொத்தமல்லி விதையைக் கொட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது. தெருவில் எல்லா வீட்டுப் பெண்களும் அப்படித்தான் இருந்தார்கள் என்பதால் யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை, தையற்காரர் மட்டும் முழுக்கை ரவிக்கைக்குத் தனிக் கூலி வைத்தார், கல்யாணத் தரகர் பெண் பார்க்கப் போகிற வீட்டில் முதலில், உங்க வீட்டுல எத்தனை பேரு கடலுக்குப் போறாவ என்று கேட்டுக்கொண்டார்.

செப்டம்பர் கடைசி வாரம் ரெஜினாளுக்குத் தபால் வந்தது. அங்கன்வாடி உதவியாளர் வேலைக்கு ஆறு வருஷமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள், அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும் என்று அச்சடித்திருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து விரித்தாள், அதிலும் இரண்டு வரி இருந்தது. ஒன்று, வலது மணிக்கட்டில் ஒரு மச்சம். இரண்டு, கழுத்தின் இடப்புறம் ஒரு மச்சம். தன் மணிக்கட்டைப் பார்த்தாள், கருகருவென்று முப்பதுக்குக் குறையாமல் இருந்தது.

தொபியாஸிடம் கேட்டாள். ஒரு பத்து நாளைக்கு நீங்க வாங்கிக்கோங்க, திங்கட்கிழமை ஒருக்கா பாப்பாவ, வேலையில சேரும்போது ஒருக்கா பாப்பாவ, அது முடிஞ்சதும் நானே திரும்ப வாங்கிக்கிடுதேன் என்று கெஞ்சினாள். அவனுக்குப் புதன்கிழமை தோணியில் கையெழுத்து. கடல் என்ன உன் அங்கன்வாடி மாதிரியா, எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா என்று அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். ஆறு வருஷம் தபாலைப் பார்த்துக் காத்திருந்தவள் அவள், அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது, இருந்தாலும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே கொட்டகைக்குப் போனாள்.

கொட்டகையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் தூணோரம் நின்று பார்த்தாள். தண்டல் கஸ்பார் முதல் கட்டையாக ரெட்டை ஆறை வைத்தார். அடுத்தவன் ஆறு அஞ்சை வைத்தான். தொபியாஸ் கை நிறைய சின்னக் கட்டை இருந்தும் ரெட்டை அஞ்சை எடுத்துப் போட்டான். பெரிய கட்டையை எவனும் கையில் வைத்துக்கொள்ளவில்லை, சூடான பாத்திரத்தைக் கீழே வைக்கிற அவசரத்தில் வைத்தார்கள், ஏனென்றால் தோற்றால் மிஞ்சுவது சின்னதாக இருக்கட்டும் என்று. ரெஜினாளுக்கு விளங்கிவிட்டது. மூன்று வாரம், பாயில் எதிரே உட்கார்ந்து, கன்னத்தில் தட்டித் தட்டி, அவன் அவளுக்குத் தோற்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. தூக்கை வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டியவள் வெள்ளி, சனி இரண்டு மத்தியானமும் அந்தத் தூணோரமே நின்று, எந்தக் கட்டை போனது, எது போகவில்லை, போகாதது யார் கையில் இருக்கும் என்று கண் கொட்டாமல் கற்றுக்கொண்டாள்.

சனிக்கிழமை கொட்டகையில் தொபியாஸ் ஒரு கை தோற்று ஒன்பது மச்சம் வாங்கினான். புதன்கிழமைக்குள் அதை இறக்கியாக வேண்டும், இறக்குவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன்குழம்பு சாப்பிட்டு, அவனே பெட்டியை எடுத்துப் பாயில் கவிழ்த்தான். ரெஜினாள் அன்று காலையிலேயே பக்கத்து வீட்டுப் பிலோமினாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒண்ணு விடாம எண்ணு மதினி என்று முதுகைக் காட்டியிருந்தாள். பிலோமினா கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே எண்ணினாள். மொத்தம் நூற்றிருபது.

முதல் கை ரெஜினாள் ஜெயித்தாள், அவன் கையில் முப்பத்தொன்று. தொபியாஸ் சிரித்தான், குருட்டு அதிர்ஷ்டம் என்றான். இரண்டாவது கையில் பதினெட்டு. இப்போது அவனுக்கு ஒன்பது போய் ஐம்பத்தெட்டு இறக்க வேண்டியதாயிற்று, ஆகவே எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாவது கை இருபத்தேழு. அவன் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான், தோளில் ஒவ்வொன்றாக வந்து உட்காருவது கண்ணுக்குத் தெரிந்தது. நாலாவது கை இருபத்தொன்று. தொண்ணூற்றேழு போயிற்று என்று ரெஜினாள் மனதுக்குள் கூட்டினாள், இன்னும் இருபத்துமூன்று.

ஐந்தாவது கை நீண்டது. கிடங்கு காலியாகிவிட்டது. வரிசையின் ஒரு முனையில் இரண்டு நின்றது, இன்னொரு முனையில் ஒன்று. அவள் கையில் இரண்டே கட்டை, ரெண்டு மூணும் ஒண்ணு மூணும். போன கட்டைகளை எல்லாம் மனதில் ஓட்டி, அவன் கையில் இருக்கிற மூன்றும் என்னவென்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். ரெட்டை ஆறு, அஞ்சு நாலு, ரெண்டு வெள்ளை. முதலில் ஒண்ணு மூணை வைத்தால் இரண்டு நிற்கிற முனை திறந்தே கிடக்கும், அவன் ரெண்டு வெள்ளையைத் தள்ளிவிடுவான், பிறகு அவள் முடித்தாலும் இருபத்தொன்றுதான் கிடைக்கும். ரெண்டு மூணை முதலில் வைத்தால் அந்த முனை மூன்றாகிவிடும், அவனிடம் மூன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, தட்டத்தான் வேண்டும், ரெண்டு வெள்ளையும் கையிலேயே நிற்கும். பன்னிரண்டும் ஒன்பதும் இரண்டும் இருபத்துமூன்று. கச்சிதம். அவன் தனக்கு எப்போதாவது ஒன்றாவது மிச்சம் வைத்தானா என்று நினைத்துக்கொண்டே அவள் ரெண்டு மூணை வைத்தாள்.

தொபியாஸ் தன் கையிலிருந்த ரெண்டு வெள்ளையை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, தரையை விரலால் தட்டினான். அவள் ஒண்ணு மூணை வைத்துக் கையை விரித்துக் காட்டினாள். கழுத்திலும் கையிலும் மெல்லக் குளிர்ந்தது, பார்த்தால் தோல் பளிங்கு மாதிரி இருந்தது. அன்று அவள் அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு தெருவில் இரண்டு தடவை தண்ணீர் எடுக்கப் போனாள், தேவையே இல்லாமல்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா நல்ல மாதிரியான அம்மாதான், உட்காரச் சொன்னாள், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். சான்றிதழைப் பார்த்து, வலது கையை நீட்டுங்கம்மா என்றாள். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"இங்க ஒரு மச்சமும் இல்லையேம்மா. இது உங்க சான்றிதழ்தான்னு நான் எப்படி எழுதறது?"

ரெஜினாள் மணிக்கட்டை அழுத்தித் தேய்த்தாள், தேய்த்தால் மேலே வந்துவிடும் போல. வெற்றுத் தோல் சிவந்தது, வேறொன்றும் வரவில்லை. நூற்றிருபதில் இரண்டு அவள் அம்மா வயிற்றிலிருந்தே கொண்டுவந்தவை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிலோமினா ஒன்று விடாமல்தான் எண்ணியிருக்கிறாள். அந்த அம்மா மனமிரங்கி, சாயங்காலம் அஞ்சு மணிவரை இருப்பேன், வேற ஏதாவது ஆதாரம் இருந்தா கொண்டுவாங்க, அதுக்கு மேல என்னால முடியாது என்றாள்.

பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அவள் ஒரே நினைப்பாக இருந்தாள், ரெண்டே ரெண்டு, வெறும் ரெண்டு. தொபியாஸ் வீட்டில்தான் இருந்தான், சட்டை போடாமல் பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், மணிக்கட்டும் கழுத்தும் கறுத்துக் கிடந்தன. அவள் நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. பிறவி மச்சம் கடைசியில்தான் கழலும், கணக்குக்கு மேல ஜெயிச்சா அதுவும் போயிரும், தண்டலுக்கு முதல் வாரமே போய்ப் படாதபாடு பட்டுத்தான் திரும்ப வாங்கினார் என்று சாவகாசமாகச் சொன்னான். கொட்டகையில் எல்லோருக்கும் அது தெரியும். ஆடி முடிக்கும்போது இரண்டு பாக்கி வைத்து நிறுத்துவது அங்கே சட்டம். எந்த ஆம்பிளையும் அதை வீட்டுக்கு வந்து சொன்னதில்லை, பெண்டாட்டி ஜெயிப்பாள் என்று எவனும் நினைத்ததில்லை.

"நேத்து அந்த ரெண்டு வெள்ளையப் பாத்தப்பவே உங்களுக்குத் தெரியும்" என்றாள் ரெஜினாள். "தெரிஞ்சும் வாயத் தொறக்கல."

"நீ கேக்கலியே."

அவள் பாயில் உட்கார்ந்தாள். கணக்காகப் பேசினாள். ஒரே ஒரு கை ஆடலாம், ரெண்டு வெள்ளையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தோற்கிற அளவுக்கு இப்போது அவளுக்கு ஆட்டம் தெரியும், கடைசியாகப் போனதுதான் முதலில் திரும்பும், மணி ஒன்றரைதான் ஆகிறது, மூணு மணி பஸ்ஸைப் பிடித்தால் போதும். வேலை கிடைத்தால் மாதாமாதம் வரும், அவன் இந்த ஒரு நடை போகாவிட்டாலும் வீடு தாங்கும், அடுத்த நடைக்குள் மீதியைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறேன் என்றாள். என் மச்சங்க, எனக்குக் குடுங்க என்றாள்.

தொபியாஸ் பெட்டியை இழுத்துப் பாயில் கவிழ்த்தான், இருபத்தெட்டுக் கட்டையையும் முகம் கீழே திருப்பி இரண்டு உள்ளங்கையாலும் நிதானமாகக் கலைத்தான், புதன்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"ரெண்ட மட்டும் தனியாத் தர மாட்டேன், ஏளா. மொத்தத்தையும் எடுத்துக்கோ. உன்னது அதுக்குள்ளதான் இருக்கு."

ரெஜினாள் மூணு மணிவரை எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பஸ் சத்தம் கேட்டு ஓய்ந்தது. வீட்டிலிருந்து ஒருத்தராவது ஏதோ ஒரு புத்தகத்தில் தன் பெயருக்கு நேராகக் கையெழுத்து வாங்கியாக வேண்டும், அது தானில்லை என்று ஆகிவிட்டது. கையை நீட்டித் தனக்கு ஏழு கட்டை எடுத்துக்கொண்டாள்.